எங்கள் வீட்டில் கருங்காலி இருந்தது

என் வயதுக்காரர்களே, உங்கள் வீட்டு இளவட்டங்கள் கழுத்தில் என்ன மாட்டியிருக்கிறார்கள் என்று பார்த்தீர்களா? என் தம்பி மகன் கறுப்பு மணிமாலை ஒன்றை வாங்கிப் போட்டுக்கொண்டு கொட்டகலைக் கடைவீதி முழுக்கச் சுற்றுகிறான். போனில் பார்த்து வரவழைத்தானாம். "கருங்காலி மாலை அத்தே. கெட்டது எதுவும் கிட்ட வராது" என்று நெஞ்சை நிமிர்த்திச் சொன்னான். கழற்றித் தரச் சொல்லி, குளியலறை வாளித் தண்ணீரில் போட்டேன். மாலை ஒய்யாரமாக மிதந்தது. உண்மையான கருங்காலி என்றால் கல் மாதிரி நேராக அடிக்குப் போய்விடும். அவன் முகம் வாடிப்போனது. பாவமாக இருந்தது. "மிதந்தா நல்லதுதான்டா, போட்டுக்க" என்று துடைத்துத் திருப்பிக் கொடுத்தேன்.

கருங்காலி என்ற அந்தச் சொல்லை யாராவது உரக்கச் சொன்னால் இன்றைக்கும் எனக்கு எழுந்துபோய்க் கதவைச் சாத்தத் தோன்றுகிறது. தோட்டத்தில் பிறந்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. ஊரே வேலைநிறுத்தத்தில் நிற்கும்போது ஒளிந்து ஒளிந்து தோட்டத்தை நடத்தும் துரை பக்கம் போகிறவனுக்குத்தான் நம் லயத்து வரிசைவீடுகளில் கருங்காலி என்று பெயர். அப்படி ஒரு மரம் இருக்கிறது என்பது நம்மில் பலருக்குப் பிறகுதான் தெரிந்தது. எனக்கு மட்டும் அது தலைகீழாக நடந்தது. ஒன்பது வயதில் எனக்கு மரம்தான் முதலில் தெரிந்தது. அதனால் வந்த வினையைத்தான் சொல்லப்போகிறேன்.

றொசல்ல ஸ்டேஷனில் இறங்கி ஒரு மணி நேரம் மேலே ஏறினால் எங்கள் தோட்டம். ஒற்றை அறைக் காம்பராக்கள் பத்துக் கொண்ட லயத்தில் கடைசி வீடு எங்களுடையது. அம்மா கொழுந்தெடுத்தார். அப்பா தேயிலை பெக்டரியில் பிட்டர். உருளைகள், பெல்ட்டுகள், எஞ்சின் எல்லாம் அவர் கை பட்டால்தான் ஓடும். வீட்டிலும் அவர் சும்மா இருக்கமாட்டார். மரம் கடைவார். இரண்டு கூர் இரும்புகளுக்கு நடுவே கட்டையைப் படுக்க வைத்து, அதில் ஒரு தோல்வாரைச் சுற்றியிருப்பார். வாரின் இரண்டு முனைகளையும் அம்மா மாறி மாறி இழுப்பார். கட்டை முன்னால் சுற்றும்போது அப்பாவின் உளி வெட்டும், பின்னால் சுற்றும்போது சும்மா இருக்கும். அதனால் அந்த வேலைக்கென்று ஒரு சத்தம் உண்டு. ஒரு மூச்சு கர்ரென்று அறுக்கும், அடுத்த மூச்சு வெறுமனே ஸ்ஸென்று போகும்.

லயத்தில் எந்த வீட்டுக்குப் போனாலும் அப்பா கடைந்த சாமான் ஒன்று இருக்கும். உலக்கை, ரொட்டிக் கட்டை, தொட்டில் கம்பு, பிள்ளைகளுக்குப் பம்பரம். எல்லாம் சவுக்கிலும் கொய்யாவிலும் செய்தவை. எதைச் செய்தாலும் கடைசியில், கட்டை சுற்றிக்கொண்டிருக்கும்போதே ஒரு கம்பியை அதன்மேல் அழுத்திப் பிடிப்பார். புகை வரும். கம்பி பட்ட இடத்தில் மெல்லிய கறுப்பு வளையம் விழும். அடுத்தடுத்து மூன்று வளையங்கள். "அது என் கையெழுத்து" என்பார். எழுதப் படிக்கத் தெரியாத மனிதர்.

அந்த வருடம் ஆனி மாத மழை பிடித்துக்கொண்ட சமயத்தில் ஸ்ட்ரைக் தொடங்கியது. முதலில் நின்றது பெக்டரிச் சத்தம். பிறந்த நாளிலிருந்து காதில் ஓடிக்கொண்டிருந்த இரைச்சல் அது. அது நின்றபின் லயத்தில் எல்லோரும் தணிந்த குரலில் பேச ஆரம்பித்தார்கள், ஏனென்று யாருக்கும் தெரியவில்லை. பகல் பன்னிரண்டு மணிக்கே பனிமூட்டம் மலையை விட்டு இறங்கி வீட்டு வாசலில் வந்து நிற்கும். எதிர்வரிசை லயம் மறைந்துவிடும். அங்கிருந்து இருமல் மட்டும் கேட்கும். 

ஸ்ட்ரைக்கை நடத்தியவர் தொழிற்சங்கத்தின் தோட்டத் தலைவர். அவர் அம்மாவின் கூடப்பிறந்த அண்ணன். ஊருக்குத் தலைவர், எனக்கு மாமா. வெள்ளைச் சட்டையும் தோளில் மடித்த துண்டும் இல்லாமல் நான் அவரைப் பார்த்ததே கிடையாது. ஸ்ட்ரைக்கின் இரண்டாவது வாரம் ஒரு மத்தியானம், மழையோடு மழையாக, பின்பக்கத் தோட்டத்து வழியே வந்தார். தோளில் சாக்கில் சுற்றிய நீளமான ஒன்று இருந்தது. அதை இறக்கி வைத்தபோது தரை அதிர்ந்தது.

"மாப்ள, மேல் பங்களாக் கட்டிலோட காலு இது. பிரிச்சுப் போட்டிருந்த சாமான்ல கெடந்துச்சு."

மேல் பங்களா என்றதுமே நான் அம்மாவின் சேலைக்குள் போய்விட்டேன். வருடக்கணக்காகப் பூட்டிக்கிடந்த வீடு அது. முன்னொரு காலத்தில் வெள்ளைக்காரத் துரை ஒருவர் அங்கே தனியாக இருந்து, கட்டிலிலேயே செத்து, மூன்று நாள் கழித்துத்தான் கண்டுபிடித்தார்கள் என்று கதை. நாலு பக்கமும் ஆளுயரக் கால் வைத்த கட்டில். அந்தக் கால்களில் ஒன்றுதான் இப்போது எங்கள் அடுப்புக்குப் பக்கத்தில் கிடந்தது.

அப்பா ஒரு முனையைத் தூக்கிப் பார்த்தார். முகம் மாறியது. விரலால் சுண்டினார். மரத்திலிருந்து கிண்ணென்று ஒலி வந்தது. உளி முனையால் லேசாகச் சுரண்டினார். பழைய வார்னீஷுக்கு அடியில் கன்னங்கரேல் என்று இருந்தது.

"மச்சான், இது கருங்காலிங்க!"

"மெதுவா மாப்ள, மெதுவா" என்றார் மாமா. பிறகு விஷயத்தைச் சொன்னார். தோட்ட எல்லையில் இருக்கும் முனியாண்டிக்கு ஒரு தண்டம் வைப்பதாக அவர் வேண்டிக்கொண்டிருக்கிறாராம். ஸ்ட்ரைக் ஜெயித்துக் கொடுத்தால் கருங்காலியில் கைத்தண்டம். சாமி முன்னால் வைக்கிற வரைக்கும் ஒரு கண்ணும் அதன்மேல் படக்கூடாது. மரத்தின் பெயரை வாயால் சொல்லக்கூடாது. கவுச்சி சேர்க்கக்கூடாது.

"செத்தவங்க படுத்த கட்டிலுங்களே. சாமிக்கு ஆகுமாங்க?" என்று அப்பா கேட்டார்.

"இந்த மரத்துக்குத் தீட்டே கெடையாது மாப்ள. அப்புறம், ஒங்க வளையம் கிளையம் எதுவும் போட்றாதீங்க. சாமி பொருளு."

அம்மா தேத்தண்ணி கொடுத்தார். வீட்டிலிருந்த கடைசிச் சீனி அதில்தான் போனது. மாமா ஊதி ஊதிக் குடித்துவிட்டு வந்த வழியே போய்விட்டார்.

மறுநாளிலிருந்து மத்தியானங்களில் கதவைச் சாத்திக்கொண்டு வேலை நடந்தது. தகரக் கூரையில் மழை கொட்டும்போது வார் ஓடும். மழை நின்றால் அப்பா கையைத் தூக்குவார், அம்மா வாரை விட்டுவிடுவார். சவுக்குக் கடைந்தால் சுருள் சுருளாகச் சீவல் விழும், அதை வைத்து நான் விளையாடுவேன். இந்த மரத்தில் சுருளே வரவில்லை. தூள்தான் வந்தது. கரித்தூள் மாதிரி, ஆனால் கரியைவிடக் கனமாக, எண்ணெய்ப் பிசுக்கோடு. நாலு இழுப்புக்கு ஒரு தடவை உளி மழுங்கியது. அப்பா சலிக்காமல் கல்லில் தீட்டினார். கொஞ்சம் அழுத்தினால் மரம் தன் விளிம்பைச் சில்லாகத் தெறிக்கவிடும் என்று, மயிரிழை மயிரிழையாக எடுத்தார். "இதுக்கிட்ட அவசரம் காட்டக் கூடாது புள்ள. இரும்பத் தின்னுற மரம்" என்றார். மற்றக் கட்டைகள் கடையக் கடையச் சூடாகும். இது எவ்வளவு நேரம் சுற்றினாலும் தொட்டால் எனக்குச் சில்லென்றுதான் இருந்தது.

தூள் எங்கும் போனது. மிளகு வறுத்தது போல மூக்கில் ஏறும். அப்பாவின் கண் இமைகள் வீங்கின. கழுத்தில் தடிப்புத் தடிப்பாகக் கிளம்பியது. இன்றைக்கு அதற்கு மருத்துவர்கள் ஒரு பெயர் சொல்வார்கள், கனத்த மரங்களின் தூள் சிலருக்கு ஒத்துக்கொள்ளாதாம். அன்று எங்களுக்கு அது தெரியாது. நான் தும்மினால் கறுப்பாக வந்தது. துப்பினாலும் கறுப்பு. உள்ளங்கை ரேகைகளில் கறுப்புக் கோடுகள் இறங்கிவிட்டன, சாம்பல் போட்டுத் தேய்த்தாலும் போகவில்லை.

காலையில் அம்மா அடுப்பை மூட்டுவார். காம்பரா கொஞ்சம் சூடானதும் அந்தக் கட்டையிலிருந்து டக்கென்று ஒரு சத்தம் வரும், யாரோ உள்ளிருந்து விரலால் தட்டினது போல. கொஞ்ச நேரம் கழித்து இன்னொன்று. "உள்ள இருக்கிற இறுக்கத்த வுடுது, அவ்வளவுதான்" என்று சொல்லி அப்பா முனைகளில் மெழுகு தேய்த்தார். எனக்கா நம்பிக்கை வரும்? உள்ளே துரை புரண்டு படுக்கிறார் என்றுதான் நினைத்தேன். அறுத்துப்போட்ட கட்டைவிரல் அளவுத் துண்டு ஒன்றை எடுத்து, தண்ணீர்க் குடத்தில் போட்டுப் பார்த்தேன். ஒரு குமிழி விட்டுவிட்டு அடியில் போய் நின்றது. மரம் முங்குமா? உள்ளே ஆள் இருந்தால்தானே கனக்கும்? எனக்கு அதற்குமேல் சாட்சி தேவைப்படவில்லை.

பக்கத்துக் காம்பராக்காரம்மா ஒருநாள் சுவர் வழியாகக் கேட்டார்: "என்னக்கா, மத்தியானமானா மூச்சு வாங்குற மாதிரி ஒரு சத்தம் கேக்குது?"

"மாவு சலிக்கிறேன்" என்றார் அம்மா.

அம்மாவுக்குப் பொய் சொல்லிப் பழக்கம் கிடையாது, அதனால் மோசமான பொய்யாகத் தேர்ந்தெடுத்துவிட்டார். மூன்று வாரமாக லயத்தில் யார் வீட்டிலும் சலிக்க மாவு இல்லை.

இதற்கு நடுவே ஒரு விடியற்காலை பெக்டரி எஞ்சின் ஓடியது. இரண்டே மணி நேரம். மிச்சமிருந்த தேயிலை பெட்டிகளில் ஏறி, லொறி மலையிறங்கிப் போய்விட்டது. தோட்டமே கொதித்தது. அந்த எஞ்சினை ஓட்டத் தெரிந்தவர்கள் இரண்டு பேர், தேயிலை பதப்படுத்துகிற டீமேக்கரும் என் அப்பாவும். அப்பா அந்நேரம் என் பக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்தார். அன்று மாலைக் கூட்டத்தில் மாமா துண்டை உதறித் தோளில் போட்டு, "நமக்குள்ளயே ஒரு கருங்காலி இருக்கான். யாருன்னு தெரியாம வுடமாட்டோம்" என்று முழங்கினாராம். நான் கூட்டத்துக்குப் போகவில்லை. அப்பாவும் போகவில்லை. சாமி வேலை கிடந்தது.

இரண்டு நாள் கழித்துப் பீலிக்குப் போனேன். மலை ஊற்றுத் தண்ணீர் குழாயில் கொட்டுகிற இடம், பெண்கள் நாலைந்து பேர் துவைத்துக்கொண்டிருந்தார்கள். என் கூட்டாளிப் பெண் என் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள்.

"என்னடி கையி இப்புடி இருக்கு?"

சொல்லக்கூடாது என்பது எனக்கு நன்றாகத் தெரியும். ஆனாலும் எத்தனை நாளைக்கு ஒரு பிள்ளை இவ்வளவு பெரிய பயத்தைத் தனியாக வைத்திருப்பது? அவள் காதோரம் சொல்வதாக நினைத்து, பீலிச் சத்தத்தை மீறிக் கத்திவிட்டேன்.

"எங்க வீட்டுல கருங்காலி இருக்கு. அப்பா கதவச் சாத்தி வச்சிருக்காரு. யார்ட்டயும் சொல்லிறாத!"

கல்லில் அடித்துக்கொண்டிருந்த துணி அப்படியே நின்றது. ஒருத்தர்கூட என்னை ஒரு கேள்வி கேட்கவில்லை. நான் குடத்தை நிரப்பிக்கொண்டு, பாரம் இறங்கின சந்தோஷத்தில் வீட்டுக்கு வந்தேன்.

மறுநாள் காலை வாசலில் உட்கார்ந்து பல் தேய்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்துக் காம்பராக்காரம்மா வந்தார். "அத்தே" என்றேன். அவர் என் தலைக்கு மேலே பார்த்துக்கொண்டே போய்விட்டார். கூட்டாளியைக் கூப்பிட்டேன். திரும்பவில்லை. பிள்ளைகள் பாண்டி ஆடிக்கொண்டிருந்தார்கள், நான் கட்டத்துக்குள் போய் நின்றேன். தள்ளிப்போ என்று யாரும் சொல்லவில்லை. ஆட்டத்தை நிறுத்தி, நான்கு அடி தள்ளிப் புதிதாகக் கட்டம் கீறிக்கொண்டார்கள். திட்டியிருந்தால் தேவலை. அடித்திருந்தால்கூட அழுதுவிட்டு வந்திருப்பேன். காற்றைப் பார்ப்பது போல என் ஊடாகப் பார்த்தார்கள். வெள்ளிக்கிழமைக் கோயிலில் பூசாரி திருநீற்றுத் தட்டை நீட்டிக்கொண்டே வந்தார். அம்மாவின் கை நீண்டது. தட்டு அந்தக் கையைத் தாண்டி அடுத்த கைக்குப் போனது.

பெரியவர்கள் பேசி முடிவெடுத்து எங்களை விலக்கி வைத்திருந்தார்கள். இது இப்போது புரிகிறது. ஒன்பது வயதுக்கு வேறொன்றுதான் புரிந்தது. நாங்கள் செத்துப்போய்விட்டோம். கட்டிலின் காலோடு வந்த துரை எங்களையும் கூட்டிக்கொண்டுவிட்டார். அதனால்தான் கறுப்பாகத் துப்புகிறேன். அதனால்தான் யார் கண்ணுக்கும் நான் தெரியவில்லை. செத்தவர்களுக்கு நிழல் விழாது என்று கேள்விப்பட்டிருந்தேன். வாசலில் நின்று நிழலைத் தேடினேன். அந்தப் பனிமூட்டத்தில் எவருக்கு நிழல் விழும்? லயத்து நாய் மட்டும் வாலாட்டிக்கொண்டு வந்தது. நாய்க்குப் பேய் தெரியும் என்பதும் எனக்குத் தெரியுமே. அம்மாவும் அப்பாவும் என்னோடு பேசினார்கள்தான், ஆனால் அவர்களும் என்னோடு செத்தவர்கள். உள்ளங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருப்பேன், அது இன்னும் இருக்கிறதா என்று. அந்த நாட்களின் பயத்தைப் போல ஒரு பயத்தை என் வாழ்க்கையில் பிறகு நான் படவே இல்லை.

அப்பாவுக்கு மட்டும் நம்பிக்கை போகவில்லை. "தண்டத்த சாமி முன்னால வச்சா எல்லாருக்கும் வெளங்கிரும். அது வரைக்கும் வாயத் தொறக்கக் கூடாது" என்றார். எங்கள் பெயர் அந்தத் தடியில்தான் தொங்கிக்கொண்டிருந்தது. ஆகவே வீங்கின கண்ணோடு இன்னும் நுணுக்கமாகச் செய்தார். எண்ணெய் விட்ட மரத்தூளையே ஒரு கைப்பிடி துணியில் எடுத்து, சுற்றுகிற தடியின்மேல் அழுத்தி மெருகேற்றினார். கடைசியில் அதில் என் முகம் தெரிந்தது, மிகத் தொலைவில், கறுப்பாக.

வேலை முடிந்தது என்று நினைத்த நேரம், கம்பியை எடுத்தார். அம்மா வாரை நிறுத்திவிட்டார். "அண்ணன் வேணாம்னு சொன்னாங்களே!"

"சாமிக்குக் குடுக்குறதுலயாச்சும் என் கை இருக்கட்டுமே" என்றார் அப்பா. கைப்பிடிக்குச் சற்றுக் கீழே மூன்று வளையங்கள் விழுந்தன. கறுப்பில் கறுப்பாக, தடவினால்தான் தெரிகிற மாதிரி. புகை வழக்கமான புகையாக இல்லை. ஏதோ வாசனைத் திரவியம் எரிகிற மாதிரி இனித்தது.

மாமா மஞ்சள் துணியோடு வந்தார். கற்பூரம் காட்டினார். தடியைச் சுற்றும்போது வளையங்களை அவர் கவனிக்கவில்லை, வெளிச்சம் அவ்வளவுதான். அம்மா அவர் காலில் விழாத குறையாகக் கேட்டார்.

"அண்ணே, எங்கள யாருமே மனுசரா பாக்க மாட்டேங்குறாங்க. நீங்க ஒரு வார்த்த சொல்லுங்கண்ணே."

"நாலு நாளு பொறுத்துக்க தங்கச்சி. சாமிகிட்ட வச்சதும் நானே வாயால சொல்றேன்."

அன்றும் தேத்தண்ணி குடித்துவிட்டுத்தான் போனார்.

மறுநாள் உச்சிப்பொழுதில், தண்டம் வைத்தாயிற்றா என்று பார்க்க நான் தனியாக முனியாண்டி கல்லுக்குப் போனேன். கல்லும் பழைய சூலமும்தான் இருந்தன. பனிமூட்டம் என் கால்களை மறைத்திருந்தது, அதுவும் எனக்கு ஒரு சாட்சியாகத்தான் பட்டது. கீழே வளைவில் ஜீப் ஒன்று நின்ற சத்தம் கேட்டு இறங்கினேன். துரைக்குக் கீழே வேலை வாங்குகிற கண்டாக்கு நின்றுகொண்டிருந்தார். எதிரில் மாமா. மஞ்சள் துணி கண்டாக்கின் கையில் இருந்தது. துணியை விலக்கிப் பார்த்துவிட்டு, "துரை கேட்ட மாதிரியே இருக்கு. அந்தக் கட்டில் மேல அவருக்கு எப்பவும் ஒரு ஆச" என்றார்.

"திங்கக்கெழம பெரட்டுக்கு எல்லாத்தையும் கொண்டாந்து நிப்பாட்டுறது என் பொறுப்புங்க" என்றார் மாமா. "நம்ம பையனுக்கு ஆபீஸ்ல அந்த வேல... துரைக்கு ஞாபகப்படுத்துங்க."

நான் அவர்களிடமிருந்து மூன்று எட்டுத் தூரத்தில் நின்றேன். ஒளியவில்லை. செத்தவள் எதற்கு ஒளிய வேண்டும்? கண்டாக்கு ஜீப்புக்குள் தலையை விட்ட நேரம், மாமா திரும்பினார். என்னைப் பார்த்தார். கண்ணோடு கண்ணாக. "மாமா" என்றேன். அவர் பார்வை என் முகத்திலேயே நின்றது, பிறகு மெல்ல எனக்குப் பின்னாலிருந்த தேயிலைச் செடிக்குப் போனது, அங்கிருந்து பாதைக்கு. துண்டைச் சரிசெய்துகொண்டு நடந்துபோனார். மாமாவுக்கே நான் தெரியவில்லையென்றால் இனிச் சந்தேகமே இல்லை என்று நினைத்துக்கொண்டேன். எனக்கு அழுகைகூட வரவில்லை.

வீட்டில் வந்து கேட்டதையும் பார்த்ததையும் ஒன்றுவிடாமல் சொன்னேன். அப்பா நெடுநேரம் உளியைத் துடைத்துக்கொண்டிருந்தார். அம்மா குடத்தை இறக்கி வைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"நீ பாக்கல புள்ள" என்றார் அப்பா.

"பாத்தேன்ப்பா. கண்டாக்குகூட..."

"நீ பாக்கல. நம்ம சொன்னா கேக்கிறதுக்கு இப்ப ஆளு கெடையாது. செஞ்ச கையும் என் கையி."

திங்கட்கிழமை காலை எல்லோரும் வேலைக்குப் பேர் கொடுக்கிற பெரட்டுக் களத்தில் நின்றார்கள். ஸ்ட்ரைக் முடிந்துவிட்டதாக மாமா சொன்னார். கேட்டதில் எதுவும் கிடைக்கவில்லை. பேச்சுவார்த்தை தொடரும் என்றார். எங்களைச் சுற்றி மட்டும் ஆளில்லாமல் வட்டமாக இடம் கிடந்தது. துரை படியிறங்கி வந்தார். கையில் கறுப்புத் தடி. சிமெந்துத் தரையில் அது படும்போதெல்லாம் கிண், கிண் என்று கேட்டது. வரிசையைப் பார்த்துக்கொண்டே நடந்தவர், பேசுவதற்காகத் தடியை மேலே பிடித்து நிறுத்தினார். சரியாக அந்த நேரம் பார்த்துக் கொஞ்சம் வெயில் விழுந்தது. வளையங்கள் மூன்றும் துலக்கமாகத் தெரிந்தன.

லயத்தில் அந்தக் கையெழுத்தைப் படிக்கத் தெரியாதவர்கள் கிடையாது. எல்லோர் வீட்டு உலக்கையிலும் அது இருந்ததே! ஒவ்வொரு தலையாக அப்பா பக்கம் திரும்பியது. எட்டு நாளுக்குப் பிறகு ஊர் எங்களைப் பார்த்தது. பார்த்துவிட்டு, போதும் என்பது போலத் திரும்பிக்கொண்டது.

நான் கத்தினேன். "அது சாமிக்குச் செஞ்சது! மாமாதான் கொண்டுபோய்க் குடுத்தாரு! நான் பாத்தேன்!" என் வாழ்நாளில் அவ்வளவு உரக்கக் கத்தியதில்லை. ஒருவர் தோள்கூட அசையவில்லை. மாமா துண்டை எடுத்து, உதறி, மறுபடி தோளில் போட்டார்.

மறுநாள் காலை அம்மா கதவைத் திறந்தார். வாசலில் ஒரு குவியல் இருந்தது. உலக்கைகள், ரொட்டிக் கட்டைகள், பம்பரங்கள், மேலே குறுக்காக ஒரு தொட்டில் கம்பு. அத்தனையிலும் மூன்று வளையங்கள். எப்போது யார் வந்து போட்டார்கள் என்று எங்களுக்குக் கேட்கவே இல்லை. ஒரு காலடிச் சத்தமும் இல்லாமல் ஒரு லயமே வந்து போயிருக்கிறது. அப்பா ஒவ்வொன்றாக எடுத்துத் தடவிப் பார்த்து, சுவரோரம் வரிசையாக நிறுத்தி வைத்தார். அந்த வாரமே நாங்கள் புறப்பட்டோம். அவற்றை அங்கேயே விட்டுவிட்டோம்.

மஸ்கெலியா பக்கத் தோட்டமொன்றில் அப்பாவுக்கு வேலை கிடைத்திருந்தது. றொசல்ல ஸ்டேஷனில் மூட்டைகளோடு நின்றோம். வெள்ளைக் கால்சட்டை போட்ட ஸ்டேஷன்காரர் ஒருவர் வந்தார். நான் வழியில் நின்றேன். என் ஊடாகவே நடந்துபோய்விடுவார் என்று அப்படியே நின்றேன். அவர் நின்றார். குனிந்து என் முகத்தைப் பார்த்து, "நங்கி, கொஹேத யன்னே?" என்று கேட்டார். தங்கச்சி, எங்கே போகிறாய் என்கிறார். என்னைத்தான் கேட்கிறார்! எனக்கு அடக்க முடியாத அழுகை வந்துவிட்டது. அவர் பயந்துபோய், பையிலிருந்து ஒரு டொஃபியை எடுத்துக் கொடுத்தார். நான் உயிரோடுதான் இருக்கிறேன் என்று எனக்குச் சொன்ன முதல் மனிதர் அவர். அந்த ஊர் பேர் தெரியாத மனிதருக்கு இன்றைக்கும் நான் கும்பிடு போடுகிறேன்.

குடத்தில் போட்டுப் பார்த்து, பிறகு ஒளித்து வைத்திருந்த கருங்காலித் துண்டை மஸ்கெலியா நீர்த்தேக்கத்தில் எறிந்தேன். குமிழிகூட வரவில்லை. தம்பி பிறந்தது அந்தப் புதுத் தோட்டத்தில்தான். அங்கேயும் அப்பா மரம் கடைந்தார். வளையம் மட்டும் அதன்பிறகு ஒருபோதும் போடவில்லை.

பீலியில் நான் கத்திய அந்த வார்த்தையை அவரிடம் சொல்ல எனக்கு முப்பது வருடம் பிடித்தது. அவர் படுக்கையில் விழுந்துவிட்ட பிறகுதான் சொன்னேன். மன்னிப்பும் கேட்டேன். அவர் கண்ணை மூடிக்கொண்டே சிரித்தார்.

"நெசத்தத்தான புள்ள சொன்ன. நம்ம வீட்டுல கருங்காலி இருந்துச்சே. வந்து ஒக்காந்து தேத்தண்ணி குடிச்சிட்டுல போச்சு."

போன தையில் ஹட்டனில் ஒரு சொந்தக்காரக் கல்யாணம். மண்டபத்து வாசலில், நாற்காலியில் ஒரு கிழவர். வெள்ளைச் சட்டை, மடித்த துண்டு. சட்டைக்கு மேலே கருங்காலி மாலை. தொண்ணூறை நெருங்கியிருப்பார். வருகிறவர்கள் எல்லோரும் குனிந்து ஆசீர்வாதம் வாங்கிக்கொண்டு போனார்கள். என்னையும் அடையாளம் கண்டுகொண்டார். கையை நீட்டினார்.

"புள்ள... தங்கச்சி மக தான? நான்தான்ம்மா. மாமா."

நான் திட்டம் போட்டுக்கொண்டு போகவில்லை, சத்தியமாகச் சொல்கிறேன். கேட்க எவ்வளவோ இருந்தது. ஆனால் என் கண்கள் அவர் முகத்தில் சற்று நின்றன, பிறகு மெல்ல அவருக்குப் பின்னாலிருந்த வாழைமரத்துக்குப் போயின, அங்கிருந்து வாசலுக்கு. முந்தானையைச் சரிசெய்துகொண்டு நடந்தேன்.

"புள்ள" என்று மறுபடி கேட்டது. இன்னொரு முறை, இன்னும் மெல்ல.

வீதியை அடைந்தபின் திரும்பிப் பார்த்தேன். சுற்றிலும் ஆட்கள் இருந்தார்கள். அவர் யாரையும் பார்க்கவில்லை. நீட்டிய கையைத் தன் பக்கம் திருப்பி, உள்ளங்கையை முகத்தருகே கொண்டுபோய், அது அங்கே இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

திரும்பிப்போய் "மாமா" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஒரு பிள்ளையிடம் குனிந்து எங்கே போகிறாய் என்று கேட்கிற அளவு நேரம்தான் அதற்கு ஆகும். நான் பஸ் ஏறிவிட்டேன். கொட்டகலை பஸ்ஸில் கூட்டமே இல்லை. கண்டக்டர் பையன் முன்னால் இருந்தவருக்கு டிக்கெட் கொடுத்தான், என்னைத் தாண்டிப் பின்னால் போனான், பின்னாலிருந்தவருக்குக் கொடுத்தான். நான் உள்ளங்கையை விரித்து மடியில் வைத்துக்கொண்டு, அவன் என்னிடம் திரும்பி வரும்வரை காத்திருந்தேன்.